நிற்கும் பாரத்தில் மின்சாரம் பிறவாது

1

இந்தக் கார்த்திகையோடு நாங்கள் திருகோணமலையை விட்டு வந்து பதினெட்டு ஆண்டுகள் நிறைந்தன. ஆண்டு நிறைவுகளைக் கொண்டாடுவது என் வழக்கமன்று. எழுபதாவது பிறந்த நாளுக்கு மகள் வாங்கி வந்த கேக்கை, மெழுகுவர்த்தி கொளுத்தாமலே அயல்வீட்டாருக்குக் கொடுத்தனுப்பியவன் நான். ஆயினும் இம்முறை எழுதவேண்டிய கட்டாயம் ஒன்று நேர்ந்திருக்கிறது.

சென்ற மாதம், நாங்கள் வாழும் இந்த ஆங்கிலேய நகரத்தின் வாரப் பத்திரிகையில் ஒரு புகைப்படம் வெளியாயிற்று. மங்கிய மாலை. தெருவின் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை. அதன் மேல் அசையாமல் நிற்கும் ஒரு சிறிய கார். காரின் கூரைவிளக்கு எரிய, கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்த முதியவர் ஒருவர் இரண்டு கைகளையும் சுக்கானின் உச்சியில் வைத்தபடி நேரே பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த முதியவர் நான்.

படத்தைக் கண்ட என் பழைய மாணவர் சிலர் அதை ஊருக்கு அனுப்பியிருக்கின்றனர். படம் சென்ற வேகத்தில் விளக்கம் செல்லவில்லை. "மாஸ்டர் நடுறோட்டில காரை நிப்பாட்டிப்போட்டு முழிச்சுக்கொண்டு இருந்தவராம். வயசு போட்டுது, பாவம்" என்ற கதை எங்கள் உவர்மலையிலிருந்து கிண்ணியா வரை பரவிவிட்டதாக அறிகிறேன். முப்பது ஆண்டுகள் பௌதிகவியல் கற்பித்த ஒருவனைக் குறித்துப் "பாவம்" என்ற சொல் ஊரில் உலவுவதை நான் விரும்பவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வாசிப்போர் பின்னர் தம் விருப்பப்படி தீர்மானிக்கலாம்.

2

எங்கள் தெரு ஓர் இறக்கம். மேல்முனையில் ஒரு தேவாலயம். கீழ்முனையில் சிறுவர் பாடசாலை. நாள்தோறும் காலையில் நான் கோட்டு அணிந்து, சப்பாத்தைத் துடைத்து, பத்திரிகை வாங்க இறக்கத்தில் நடந்து செல்வேன். அரைக் காற்சட்டையுடனும் படுக்கையிலிருந்து எழுந்த தலையுடனும் பத்திரிகை வாங்குவோர் இங்கு உண்டு. அது அவர்கள் நாடு.

இந்நகரத்துக்குக் கடல் இல்லை. நாட்டின் எந்தக் கரையிலிருந்தும் எட்டாத நடுப்பகுதியில் எங்களைக் குடியமர்த்தினார்கள். உவர்மலையில் பிறந்தவனுக்கு இறக்கம் என்றால் அதன் முடிவில் நீர் இருக்கவேண்டும். முதல் வருடம் முழுவதும், வளைவில் திரும்பும் ஒவ்வொரு தடவையும், மரங்களுக்கிடையில் உட்துறைமுகம் நீலமாகத் தெரியும் என்று என் கண் தானாகவே எதிர்பார்த்தது. தெரிந்தது ஒரு மரக்கறிக் கடையும் ஒரு சலவை நிலையமும். கண்ணுக்கு இதைப் பழக்க முடியவில்லை. இன்றும் அந்த வளைவில் என் நடை சற்றுத் தளர்வதை மனைவி கவனித்திருக்கிறாள்.

"இஞ்சாருங்கோ, என்னத்தைத் தேடுறியள்? கப்பல் ஒண்டும் வராது, வாங்கோ" என்பாள்.

அவளுக்கும் அந்த வளைவைப் பிடிக்காது. ஆனால் அவள் தேடுவது கடலையல்ல. அவள் வயல் சூழ்ந்த தம்பலகாமத்துக்காரி. தெருவோரப் பூங்காவில் மழைநீர் தேங்கினால், "வயலுக்குத் தண்ணி கட்டினமாதிரிக் கிடக்கு" என்று சொல்லிக் குடையின் கீழ் நின்றுவிடுவாள்.

3

எங்களுக்கு ஒரே மகள், சுகிர்தா. ஊரை விட்டு வெளியேறியபோது அவளுக்கு ஒன்பது வயது. இப்போது அவள் ஒரு பொறியியலாளர். பக்கத்து நகரிலுள்ள ஆய்வுகூடம் ஒன்றில் பணிபுரிகிறாள். ஆங்கிலத்தில் அவள் எழுதும் கட்டுரைகளை நான் அகராதியின் துணையின்றி வாசிப்பேன் எனினும், அவற்றை எழுதியவள் எனக்கு அறிமுகமில்லாத ஒருத்தி. அவளது தமிழோ ஒன்பது வயதிலேயே நின்றுவிட்டது. அதன் பின் அதற்குப் புதிய சொற்கள் சேரவில்லை. எங்கள் வீட்டுக்கு ஞாயிறுதோறும் வருவது ஒரு பொறியியலாளரல்ல. நான்காம் வகுப்புச் சிறுமியின் தமிழைப் பேசும் உயரமான பெண். வருவாள், உண்பாள், தாயின் மருந்துகளைப் பார்ப்பாள், போவாள். என்னிடம் அவள் எதையும் கேட்டுப் பல வருடங்களாகிவிட்டன.

சென்ற ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குசினி மேசையில் இருந்தபடி அவள் சொன்னாள்:

"அப்பா, நான் வேலையில என்ன செய்யிறனான் எண்டு உங்களுக்குச் சொல்லவா?"

"சொல்லு."

"றோட்டுக்குக் கீழ ஒரு சாமான் வைக்கிறம். கார் வந்து அமத்தினா கரண்ட் வரும்."

மனைவி அடுப்படியிலிருந்து திரும்பினாள்.

"அப்ப காசு குடுத்து எண்ணெய் அடிச்சுக்கொண்டு போறவங்களிட்ட இருந்து நீ கரண்ட் களவெடுக்கிறாய். வடிவான வேலை!"

சுகிர்தா சிரித்துவிட்டாள்.

"ஓம் அம்மா, கொஞ்சம் களவுதான். அதுதான் இறக்கத்தில வைக்கிறம். இறக்கத்தில எல்லாரும் எப்பிடியும் பிறேக்கைத் தொட்டுத் தொட்டுத்தான் வருவினம். அது சும்மா சூடாப் போறது. அதில கொஞ்சத்தை நாங்கள் எடுக்கிறம்."

தாயின் கேள்வியும் மகளின் மறுமொழியும் பௌதிகவியலின்படி பிழையற்றவை. சக்தி எங்கிருந்தும் இலவசமாக வருவதில்லை. இவ்விடத்தில் ஒரு சிறு விளக்கம் அவசியம் எனக் கருதி நானும் பேசினேன். சில பளிங்குகளுக்கும் சுட்ட களிமண் போன்ற சில பொருட்களுக்கும் ஓர் இயல்புண்டு: அவற்றை அமுக்கினால் அவற்றின் இரு முகங்களுக்கிடையே மின்னழுத்தம் தோன்றும். இதை அமுக்கமின் விளைவு என்போம். அடுப்புப் பற்றவைக்க நாங்கள் அழுத்தும் கருவிக்குள் இருப்பதும் அத்தகைய ஒரு சிறு துண்டுதான்.

"அப்ப நான் விடியக் காலமை குசினியில கிளிக், கிளிக் எண்டு அடிக்கிறதும் உதுதானோ?"

"அதேதான் அம்மா."

"உதுக்கே இவ்வளவு படிச்சனீ?"

இம்முறை மூவரும் சிரித்தோம். எங்கள் குசினியில் மூவரும் ஒருங்கே சிரித்தது எனக்கு நினைவில் நிற்கிறது.

அதன் பிறகே அவள் தன் அலுவலைச் சொன்னாள். நகரசபை எங்கள் தெருவில் அந்தச் சாமானை ஒரு பட்டையாகப் பதித்துப் பரிசோதிக்க உடன்பட்டிருக்கிறது. பாடசாலைக்கு எதிரே பிள்ளைகள் தெருவைக் கடக்கும் இடத்தில் ஒரு விளக்குக் கம்பம் நடப்படும். வாகனம் பட்டையைக் கடக்கும்போது அந்த விளக்கு எரியவேண்டும். குழுவொன்று நேரில் வந்து பார்க்கும். எரிந்தால் ஓராண்டுக்குத் தெருவைத் தருவார்கள்.

"எரியாட்டி?" என்றாள் மனைவி.

"என்ர நாலு வருச வேலையைப் பெட்டியில போட்டு மூடுவினம்."

"உன் வேலையை எவரும் மூடமாட்டார்கள்" என்றேன். அது ஆறுதலே தவிர அறிவல்ல.

"அப்பா, முதல் கார் இந்தத் தெருவில இருக்கிற ஆள் ஒராள் ஓட்டவேணும். நான் உங்கட பேரைக் குடுத்திட்டன்."

"என்னைக் கேளாமலா?"

"கேட்டா ஏலாது எண்டுவியள்."

அவள் சொன்னது உண்மை. ஏலாது என்றுதான் சொல்லியிருப்பேன். பத்திரிகைக்காரர் முன்னிலையில் காட்சிப் பொருளாகும் பழக்கம் எனக்கில்லை. ஆனால் அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு ஒன்பது வயதுதான். சரி என்றேன்.

அந்த ஒரு சொல்லுக்குப் பின் வந்த கடிதங்கள் பல. எழுபதைக் கடந்தவன் என்பதால் மருத்துவரின் சான்று, கண் பரிசோதனை, காப்புறுதியாளரின் ஒப்புதல், விபத்து நேர்ந்தால் நகரசபை பொறுப்பல்ல என்ற உறுதிமொழி. கடைசியில் தொலைபேசியில் ஓர் இளம் பெண் மிகுந்த கனிவுடன், எனக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுமா எனக் கேட்டாள். அவளது ஒரே கேள்வியில் இரண்டு இலக்கணப் பிழைகள் இருந்தன. நான் அவற்றைச் சுட்டிக்காட்டவில்லை. தேவைப்படாது என்று முழு வாக்கியத்தில் விடையளித்தேன்.

4

திருகோணமலையில் என்னிடம் சாம்பல் நிறக் கார் ஒன்று இருந்தது. எனக்கு முன் ஒரு துறைமுக அதிகாரியிடம் இருந்தது அது. ஆசிரியர்களில் கார் வைத்திருந்தவர் சிலரே. அதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, செய்திக்காகச் சொல்கிறேன். சனிக்கிழமை மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு தம்பலகாமத்திலுள்ள மனைவியின் வீட்டுக்குச் செல்வதும், ஞாயிறு பின்னேரம் திரும்புவதும் எங்கள் ஒழுங்கு. திரும்பும் வழியில் கிண்ணியாச் சந்தியில் லத்தீப் மாஸ்டர் குடையுடன் நிற்பார். எங்கள் கல்லூரியின் கணித ஆசிரியர். கிண்ணியாக்காரர்; கிழமை நாட்களில் நகரில் அறை எடுத்துத் தங்குபவர். பின்னாசனத்தில் ஏறி, மகளுக்கு ஒரு பலகாரப் பொட்டலத்தை நீட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து வாதத்தைத் தொடங்குவார்.

அந்தப் பாதையில் ஒரே ஓட்டமாக எவரும் ஓட்ட முடியாது. சீனக்குடாவில் ஒரு காவலரண், நாலாங்கட்டையில் ஒன்று, பாலையூற்றில் ஒன்று, நகர வாசலில் இன்னொன்று. தார்ப் பீப்பாய்களில் மண் நிரப்பி ஒன்றைவிட்டொன்றாக நிறுத்தியிருப்பார்கள். தெருவின் குறுக்கே பனங்குற்றியைப் பதித்திருப்பார்கள். காலத்துக்குக் காலம் காவல் நின்றோரின் சீருடை மாறிற்று. அவர்கள் பேசிய மொழியும் மாறிற்று. கடந்து செல்லும் முறை மட்டும் மாறவில்லை.

முறை இது. குற்றி தெரிந்தவுடன் வேகத்தைக் குறைக்கவேண்டும். பொழுது பட்டிருந்தால் முன்விளக்கை அணைத்து, உள்ளே கூரைவிளக்கைப் போடவேண்டும். வாகனத்தில் இருப்போர் முகம் வெளியே நிற்பவருக்குத் தெரியவேண்டும். ஓட்டுபவர் கைகளைச் சுக்கானின் உச்சியில் வைத்திருக்கவேண்டும். கை கீழே போனால் எதற்குப் போகிறது என்று அவர்களுக்குச் சந்தேகம் வரும். முன்சில்லுகள் குற்றியில் ஏறியதும் நின்றுவிடவேண்டும். அதன்பின் ஒருவர் குனிவார்.

எங்கள் வண்டியில் இதற்கெனக் கடமைகள் பகிரப்பட்டிருந்தன. என் இரு கைகளும் சுக்கானில். எல்லோருடைய அடையாள அட்டைகளும் மனைவியின் கையில், விரித்த நிலையில். கூரைவிளக்கு மகளின் பொறுப்பு. இரண்டு முன்னாசனங்களுக்கும் இடையில் எழுந்து நின்று, "பிள்ளை, லைட்" என்று நான் சொன்னதும் ஆளியைத் தட்டுவாள். அதை அவள் பெருமையாகவே செய்தாள். வேறு எவரும் தட்டிவிட்டால் அழுவாள்.

இனி நான் எழுதப்போவதை ஊரிலுள்ள இளையோர் சிலர் ஏற்கமாட்டார்கள். இன்றும் அந்த அரண்களில் நிற்பவர்களுக்கு அது எரிச்சலூட்டவும் கூடும். ஆயினும் எழுதுகிறேன்: அந்தப் பாதைக்கு நான் ஏங்குகிறேன். காவலுக்கல்ல, பாதைக்கு. நின்று நின்று போனதால் அதை முழுமையாகப் பார்த்தோம். சீனக்குடாவில் வரிசை நீண்டால், எரிபொருள் தாங்கிகளுக்குப் பின்னால் வானம் நிறம் மாறுவதைப் பார்த்தோம். நாலாங்கட்டையில் கச்சான் விற்றவளின் குரல் இன்னும் என் காதில் உண்டு. லத்தீப் மாஸ்டர் வரிசையில் நின்றபடியே தூசி படிந்த என் காரின் கண்ணாடியில் விரலால் கணக்குச் செய்வார். காவலர் ஒருவர் ஒருமுறை அந்தச் சமன்பாட்டைச் சுட்டி, என்ன இது என்று சைகையால் கேட்டார்.

"அல்ஜீப்ரா" என்றார் லத்தீப் மாஸ்டர், தொப்பியைக் கழற்றாமல்.

காவலர் தம் மேலதிகாரியை அழைத்து வந்தார். மேலதிகாரி நெடுநேரம் பார்த்துவிட்டு, கண்ணாடியைத் துடைக்கச் சொன்னார். துடைத்தோம். நகருக்குள் வந்ததும் லத்தீப் மாஸ்டர் சொன்னது: "பாத்தீங்களா மாஸ்டர், விடை பிழை எண்டு அவருக்கும் வெளங்கிட்டு."

5

லத்தீப் மாஸ்டர் இன்றும் கிண்ணியாவில்தான் இருக்கிறார். மாதம் ஒருமுறை நான் அழைப்பேன். தொலைபேசியில் போரைப் பற்றிப் பேசலாகாது என்பது எங்களுக்குள் எழுதப்படாத விதி. இருவரில் ஒருவர் "மழை" என்றால் அந்தப் பேச்சை அத்துடன் விட்டுவிடவேண்டும்.

பரிசோதனைக்கு முந்திய கிழமை அழைத்தபோது மகளின் பட்டையைப் பற்றிச் சொன்னேன். மறுமுனையில் மகிழ்ச்சி.

"அல்ஹம்துலில்லாஹ்! லைட் போட்ட புள்ள இப்ப றோட்டுலயே லைட் போடுதா? மாஸ்டர், அதுல ரெண்ட எங்கட பக்கம் அனுப்பச் சொல்லுங்க. எங்கட செக் பொயிண்டுல காத்து நிக்கிற பஸ்ஸையும் லொறியையும் வச்சே கிண்ணியா, மூதூர் முழுக்க வெளிச்சம் குடுக்கலாம்."

"இல்லை, மாஸ்டர்" என்றேன். "நிற்கும் பாரத்தில் மின்சாரம் பிறவாது. அந்தப் பொருள் உணர்வது அமுக்கத்தை அல்ல, அமுக்கம் மாறுவதை. பத்து லொறிகளைக் கொண்டுவந்து அதன் மேல் நிறுத்தினாலும், தோன்றிய சிறிதளவும் கசிந்து போய்விடும். வாகனம் ஏறவேண்டும், உடனே இறங்கவேண்டும்."

"அப்ப எங்களுக்குச் சரிவராது" என்றார். "எங்கட ஊருல ஏறுறது மட்டுந்தான்."

சிரிப்பு ஓய்ந்ததும், உவர்மலையில் என் வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். வழக்கமாகக் கேட்பது. மதில் நிற்கிறது, மாமரம் நிற்கிறது என்றார். நகரில் திரியும் மான்கள் உள்ளே வந்து குரோட்டன் செடிகளைத் தின்கின்றனவாம். அந்தியில் அங்கே நின்று கொட்டியாரக் குடாவைப் பார்த்ததாகவும், மறுகரையில் சம்பூர்ப் பக்கம் ஒரு விளக்கும் இல்லை என்றும் சொன்னார். அங்கிருந்த சனம் இடம்பெயர்ந்து இரண்டு வருடமாகிவிட்டது.

"அங்கால பெரிய கரண்ட் ஸ்டேசன் ஒண்டு கட்டப்போறதா ஒரு கதை அடிபடுது, மாஸ்டர்."

"அப்படியானால் சனம்?"

"மழை, மாஸ்டர்" என்றார்.

நான் மகளைப் பற்றிய பேச்சுக்குத் திரும்பினேன்.

6

குறித்த நாள் வந்தது. இங்கு கார்த்திகையில் நாலு மணிக்கே பொழுது பட்டுவிடும். விளக்குத் தெரியவேண்டும் என்பதற்காகவே அந்த நேரத்தைத் தெரிவு செய்திருந்தனர். கோட்டணிந்தேன். கல்லூரிக் கழுத்துப்பட்டியைக் கட்டினேன். மனைவி முன்னாசனத்தில் ஏறினாள், அழைக்காமலே ஏறினாள்.

"நீங்கள் தனியப் போய் என்னத்தையும் முட்டிப்போட்டு வந்தால் ஆர் பதில் சொல்லுறது?"

தேவாலயத்தடியிலிருந்து புறப்பட்டேன். வளைவைக் கடந்ததும் கீழே காட்சி தெரிந்தது. தெருவின் இருமருங்கிலும் சிவப்பும் வெள்ளையும் பூசிய பீப்பாய்களை நிறுத்தியிருந்தார்கள். அவற்றுக்கிடையே குறுக்காகக் கறுப்புப் பட்டை. அதன் விளிம்பு மட்டும் சற்று உயர்ந்திருந்தது. மினுங்கும் மேலங்கி அணிந்த இருவர் ஆளுக்கொரு பக்கம் நின்றனர். ஒருவர் கையை உயர்த்தி, வரும்படி அசைத்தார். அப்பால், மெல்லிய இருட்டில், ஒரு கூட்டம் எங்களைப் பார்த்தபடி நின்றது. அதில் என் மகள் இருந்தாள். நான் அவளைக் காணவில்லை.

என் கால் பிறேக்கின் மேல் இறங்கிற்று. கை முன்விளக்கை அணைத்தது. பின்னர் இரு கைகளும் சுக்கானின் உச்சிக்குச் சென்றன. இவற்றுள் எதையும் நான் எண்ணிச் செய்யவில்லை. வெறுமையான பின்னாசனத்தை நோக்கி, "பிள்ளை, லைட்" என்றேன்.

மனைவி கையை நீட்டிக் கூரைவிளக்கைப் போட்டாள்.

முன்சில்லுகள் மெதுவாகப் பட்டையில் ஏறின. நான் காரை நிறுத்தினேன். நேரே பார்த்தபடி, ஒருவர் குனிவதற்காகக் காத்திருந்தேன்.

ஒருவரும் குனியவில்லை. ஓர் ஒளி வெட்டியது. அது பத்திரிகைக்காரரின் புகைப்படக் கருவி. கம்பத்திலிருந்த விளக்கு எரியவில்லை. அது எரிவதற்கு நியாயமும் இல்லை. லத்தீப் மாஸ்டருக்கு நான் விளக்கியது அதைத்தான். எங்கே இருக்கிறேன் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

ஊரிலுள்ளோர் கேட்ட கதை இவ்விடத்தில் முடிகிறது. நான் கார் ஓட்டுவதை மறந்துவிடவில்லை. அங்கே எப்படி ஓட்டினேன் என்பதைத்தான் மறக்கவில்லை.

குழுத் தலைவி அருகில் வந்தார். மிகப் பண்பானவர். வேறொருவரைக் கொண்டு ஓட்டுவிப்பது எனக்கு வசதியாக இருக்குமா என்று மகளிடம் கேட்டார்; என்னிடமல்ல. பின்னால் நின்ற இருவர் கடிகாரத்தைப் பார்த்தனர். ஓர் இளைஞன் வாயைப் பொத்திக்கொண்டான். நான்கு வருட உழைப்பு ஒரு பெட்டியின் வாசலில் நிற்பதை நான் கண்டேன். அதை அங்கே தள்ளியவன் நான்.

சுகிர்தா அருகில் வந்தாள். காருக்குள் குனிந்து பார்த்தாள். எரியும் கூரைவிளக்கைப் பார்த்தாள். சுக்கானில் என் கைகளைப் பார்த்தாள். பிறகு தாயின் மடியைப் பார்த்தாள். அங்கே மனைவியின் கையில், விரித்த நிலையில், எங்கள் இருவரின் முதியோர் பஸ் அட்டைகள் இருந்தன. அவற்றை அவள் எப்போது கைப்பையிலிருந்து எடுத்தாள் என்பது அவளுக்கே தெரியாது.

"இவரே ஓட்டுவார்" என்று மகள் குழுத் தலைவியிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். பின்கதவைத் திறந்து ஏறி இருந்தாள்.

காரைத் திருப்பி மீண்டும் தேவாலயத்தடிக்கு ஏறினேன். பேச்சைத் தொடங்கியது மனைவி.

"உன்னைத்தான் பிள்ளை கூப்பிட்டவர். பின் சீற்றில நீ நிக்கிறாய் எண்டு."

"உன் கையில் இருப்பதையும் சொல்" என்றேன்.

"நான் என்ர பாட்டுக்கு எடுத்தனான். செக் பண்ண ஆரும் வந்தால் உங்களையோ கேட்பினம்? என்னைத்தானே கேட்பினம்."

பின்னால் மகள் சிரிப்பாள் என எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"சீனக்குடாவில எனக்குக் கை எட்டாது" என்றாள். "சின்னனில. லத்தீப் மாமாதான் தூக்கிப் பிடிப்பார். அவற்ற சேட்டில ஏலக்காய் மணம் வரும்."

சீனக்குடா என்ற பெயரை அவள் வாயால் கேட்டுப் பதினெட்டு ஆண்டுகள். அவள் எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தாள் என்று நான் நினைத்திருந்தேன். அவளது தமிழ் வளரவில்லை என்று வருந்தியிருந்தேன். அது அந்தக் காருக்குள், இரண்டு ஆசனங்களுக்கு நடுவில், எழுந்து நின்றபடி இருந்திருக்கிறது.

"அட்டையை உள்ள வையுங்கோ, அம்மா" என்றாள். கைப்பை மூடப்படும் சத்தம் கேட்டது.

மீண்டும் இறக்கம். மீண்டும் வளைவு. பீப்பாய்கள், பட்டை, உயர்த்திய கை. என் கால் மறுபடியும் பிறேக்கைத் தேடிற்று. அதற்கு நான் கற்பித்தது ஒரு நாட்பாடமல்ல.

அப்போது இரு ஆசனங்களுக்கும் இடையால் ஒரு கை வந்தது. எவரும் தூக்கிப் பிடிக்கத் தேவையில்லாத நீண்ட கை. அது இன்னும் எரிந்துகொண்டிருந்த கூரைவிளக்கின் ஆளியைத் தட்டிற்று. காருக்குள் இருள்.

"லைட்டை நான் நிப்பாட்டிட்டன், அப்பா. இஞ்ச ஒருத்தரும் பாக்க மாட்டினம். நீங்க போங்கோ."

போனேன். முன்சில்லுகள் ஏறி இறங்கின. பின்சில்லுகள் ஏறி இறங்கின. பனங்குற்றியில் கேட்ட அதே இரட்டைச் சத்தம். ஆனால் இடையில் நிறுத்தம் இல்லாமல். வலப்புறக் கண்ணாடி வழியாக வெள்ளை ஒளி உள்ளே பாய்ந்தது. ஒரு கணந்தான். அந்தக் கணத்தில் எங்கள் மூவரின் முகங்களும் தெரிந்தன, அந்நாளில் ஒவ்வொரு ஞாயிறும் தெரிந்ததைப் போல. வெளியே கைதட்டும் ஓசை கேட்டது. சுகிர்தா பின்னால் திரும்பிக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிப் பார்த்தாள்.

"எரிஞ்சது அப்பா! எரிஞ்சது!"

ஓராண்டு அனுமதி மறு கிழமை கிடைத்தது. இப்போது பட்டை எங்கள் தெருவில் இருக்கிறது; வாகனம் போகும்போதெல்லாம் விளக்கு எரிந்து அணைவதை நான் இதை எழுதும் மேசையிலிருந்து பார்க்கலாம். அதைப் பத்திரிகை படம் பிடிக்கவில்லை.

அன்று பாடசாலையடியில் நான் காரைத் திருப்பியிருக்கவேண்டும். குழுவினர் அங்கே காத்திருந்தனர். மகளும் அதை நினைவூட்டினாள். ஆனால் அவள் குரலில் அவசரம் இல்லை. பாடசாலையைத் தாண்டியும் தெரு எங்களுக்கு முன்னால் வெறுமையாகக் கிடந்தது. கீழே இருட்டில் மரங்கள் நின்றன. அவற்றுக்கு அப்பால் நீர் இருக்கிறது என்று எண்ணிக்கொள்ள அந்த இருட்டு இடமளித்தது.

"இப்பிடி ஒரு இடத்திலயும் மறிக்காமல் விட்டால்," என்றாள் என் மனைவி, "பாலையூற்றால நேர உவர்மலைக்கே போயிடலாம் போல கிடக்கு."

அடுத்த சந்தி வரும்வரை நான் பிறேக்கில் கால் வைக்கவில்லை.